மலைவீட்டில் வளரும் ஆமையின் ஓட்டைப் பேணுவது எப்படி

கொடைக்கானலில் எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாகச் சல்காட்டா என்னும் ஆப்பிரிக்க நில ஆமை ஒன்று வளர்கிறது. கீழே சமவெளியில் இருந்த உறவினர் ஒருவர், தம்மால் இனி பார்த்துக்கொள்ள முடியாது என்று செருப்புப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பிய நாளில் அது ஒரு மலைப்பூண்டின் அளவே இருந்தது. பூண்டு என்றே பெயரும் வைத்துவிட்டோம். இன்று அதன் எடை ஒன்பது கிலோ. முதுகைப் பார்த்தால், ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு சிறு கூம்பு எழும்பி நிற்பதும், அதைச் சுற்றிப் பின்னாளில் வளர்ந்த பகுதி வழவழப்பாகச் சரிந்து இறங்குவதும் தெரியும். அந்தக் கூம்புகள் நான் விவரம் தெரியாமல் வளர்த்த முதல் இரண்டு ஆண்டுகளின் கணக்கு. அவை இனி மறையப் போவதில்லை. புதிதாக ஆமை வளர்க்க நேர்ந்தவர்கள், குறிப்பாகக் கொடைக்கானல், ஊட்டி போன்ற குளிர்ந்த இடங்களில் இருப்பவர்கள், அந்த இரண்டு ஆண்டுத் தவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காது என்பார்கள். ஆமைக்குப் பின்னாலேயே அமீனாவும் வந்துவிடாமல் இருக்க வேண்டுமானால் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லாதீர்கள். நட்சத்திர ஆமையும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் திருவிதாங்கூர் ஆமையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். காட்டுப்பாதையில் ஓர் ஆமையைக் கண்டால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். சல்காட்டா, ரெட்ஃபுட், லெப்பர்டு போன்ற வெளிநாட்டு நில ஆமைகளை வைத்திருப்பவர்கள், 2024-இல் வந்த விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். விற்பவர் ‘அதெல்லாம் தேவையில்லை’ என்று சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: சல்காட்டா சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்து விலங்கு, நாற்பது கிலோவுக்கு மேலும் வளரும், நம்மைவிட அதிக காலம் வாழவும் கூடும். இதுவரை வாங்காதவர்கள் இந்தக் குளிருக்கு அதைக் கொண்டு வராமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட ஆமைக்குத்தான் இந்த வழிகாட்டி.

ஓட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆமையின் ஓடு அதன்மேல் கவிழ்த்து வைத்த சட்டி அன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டி உருவானது அது. அதன் எலும்புக்கூட்டின் ஒரு பகுதி. அந்த எலும்புத் தளத்தின் மேல், நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினாலான தகடுகள் பதிந்திருக்கின்றன. முதுகின் நடுவரிசையில் 5, இரு பக்கமும் நான்கு நான்கு எனப் பெரிய தகடுகள் பொதுவாக 13 இருக்கும். சுற்றிலும் சிறிய ஓரத் தகடுகள். மேலே இருக்கும் தகடுகளின் பொருத்தும் அடியில் இருக்கும் எலும்புகளின் பொருத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக வராமல், கொத்தனார் செங்கல்லை மாற்றி மாற்றி அடுக்குவதுபோல் விலகி அமைந்திருப்பதால்தான் ஓட்டுக்கு அந்த உறுதி. ஓட்டுக்கு உணர்ச்சி உண்டு. தட்டினால் ஆமைக்குத் தெரியும். துளை போட்டுக் கயிறு கட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.

தகட்டின் நடுவில் சொரசொரப்பாக ஒரு சிறு கட்டம் தெரியும். முட்டையிலிருந்து வெளிவந்தபோது இருந்த ஓடு அதுதான். அதன்பின் வளர்ந்ததெல்லாம் அந்தக் கட்டத்தைச் சுற்றி ஓரம் ஓரமாகச் சேர்ந்தது. நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் குட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவில் வெளிறிய கோடு ஒன்று, நகக்கணுவின் நிறத்தில், ஓடும். ஓட்டின் எதிர்காலம் முழுவதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. அது ஈரப்பதமுள்ள காற்றில் வளர்ந்தால் ஓடு பக்கவாட்டில் சமமாகப் பரவுகிறது. வறண்ட காற்றில் வளர்ந்தால் தகடுகள் கூம்பு கூம்பாக எழும்புகின்றன. ஆங்கிலம் அறிந்த வளர்ப்பாளர்கள் இதைப் பிரமிடிங் என்பார்கள். புரதம் அதிகமானால் கூம்பு எழும்பும் என்பது பழைய நம்பிக்கை. சல்காட்டாக் குட்டிகளை வைத்து ஆஸ்திரியாவில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கூம்பின் உயரத்தைப் பெரிதும் தீர்மானித்தது உணவின் புரதம் அன்று, காற்றின் ஈரப்பதமே என்று தெரியவந்தது.

மலைக்காற்றின் கணக்கு

இங்கேதான் மலைவாசிகள் ஏமாறுகிறோம். ஐப்பசியில் ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் நுழைகிறது, துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை, செருப்பில் பூஞ்சை பிடிக்கிறது; இப்படிப்பட்ட ஊரில் ஆமைக்கு ஈரப்பதம் குறையும் என்று யார் நினைப்பார்கள்? நானும் நினைக்கவில்லை. ஆனால் 12 டிகிரி செல்சியஸில் 90 சதவீத ஈரப்பதத்துடன் இருக்கும் அதே மூடுபனிக் காற்றை, ஒரு துளி நீரும் சேர்க்காமல் 30 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதமாக இறங்கிவிடும். சூடான காற்று அதிக நீரைக் கொள்ளக்கூடியது. இருக்கும் நீரோ பழைய அளவுதான். குளிருக்குப் பயந்து நான் பூண்டின் தலைக்கு மேல் இரவும் பகலும் எரியவிட்ட நூறு வாட் பல்பு, அதன் பெட்டிக்குள் ஒரு சிறு பாலைவனத்தை உண்டாக்கியிருந்தது. நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானியை உள்ளே வைத்துப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

வெப்பத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. குளிரில் ஆமைக்குச் செரிமானம் நின்றுபோகும், நெஞ்சில் சளி கட்டும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஓடு அழுகும். ஆகவே வெப்பமும் ஈரமும் ஒன்றாக இருக்கும்படி ஓர் இடத்தை அமைப்பதுதான் நம் வேலை. வெப்பம் இல்லாத ஈரமும் ஈரம் இல்லாத வெப்பமும் ஓட்டைக் கெடுப்பவையே.

மூடிய பெட்டி

குட்டிக்கு முதல் ஓரிரு ஆண்டுகள் மேற்புறம் மூடிய பெட்டி தேவை. பழைய மீன்தொட்டி, பெரிய பிளாஸ்டிக் பெட்டி, தச்சரிடம் சொல்லிச் செய்த பிளைவுட் பெட்டி, எதுவானாலும் சரி. நீளம் மூன்றடிக்குக் குறையாமல், காற்று போக நாலைந்து துளைகளோடு, மூடியோடு இருக்க வேண்டும். மூடி இல்லாவிட்டால் நீங்கள் ஊற்றும் ஈரமெல்லாம் ஒரு மணி நேரத்தில் அறைக்குள் போய்விடும். வெளிச்சுவர்களில் தெர்மகோல் தகடு ஒட்டிவிட்டால் மின்செலவு கண்கூடாகக் குறையும்.

அடியில் பரப்புவதற்குத் தென்னைநார்க் கழிவுதான் சிறந்தது. செடி விற்கும் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும். உப்பு போக இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்து, நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை வெதுவெதுப்பான நீரைப் பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஊற்றினால் அடி அடுக்கு நனைந்திருக்கும், மேல் அடுக்கு தொட்டால் கையில் ஒட்டாத பதத்தில் இருக்கும். இந்தப் பதம் முக்கியம். மேற்பரப்பு சொதசொதவென்று இருந்தால் ஆமையின் அடிப்புற ஓடு கெடும். நம் ஊரில் சும்மா கிடைக்கிறதே என்று பைன் மரத்து ஊசியிலைகளையோ, மரம் அறுக்கும் இடத்துத் தூளையோ கொண்டுவந்து கொட்டாதீர்கள். அவற்றின் பிசினும் நெடியும் மூச்சுக்கு ஆகாது.

வெப்பத்துக்கு, ஒளி தராத செராமிக் ஹீட்டரை, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்துப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மாட்டுங்கள். சல்காட்டாக் குட்டிக்குப் பகலில் 28 முதல் 32 டிகிரி, வெயில் காயும் இடத்தில் சுமார் 35, இரவில் 26-க்குக் குறையாமல் இருக்கட்டும். வெப்பமானியின் முனை ஆமையின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். சுவரின் உச்சியில் ஒட்டிய மானி உச்சியின் வெப்பத்தைத்தான் சொல்லும். ஆமை வளர வளர அதன் முதுகு ஹீட்டரை நெருங்குகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கீழே 32 டிகிரி இருக்கும்போதே முதுகின் உச்சி 45-ஐத் தொட்டு, அந்த இடத்துத் தகடு வெந்து வறண்டுவிடக்கூடும். ஈரப்பதம் குட்டிக்கு 80 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

கரி அடுப்புக் கணப்பை ஆமை இருக்கும் மூடிய அறையில் வைக்கவே கூடாது. அதன் புகை மனிதனுக்கும் எமன்.

மழைக்காலத்தில் கம்பிமேல் மரம் விழுந்து நாள் கணக்கில் மின்சாரம் போவது நமக்குப் பழகிய ஒன்று. அதற்கென ஒரு தெர்மகோல் மீன்பெட்டியையும் இரண்டு வெந்நீர்ப் பைகளையும் எடுத்து வைத்திருங்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றினால் இரவைக் கடத்திவிடலாம்.

அன்றாடக் குளியல்

முதல் ஆண்டில் தினமும், அதன்பின் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆமையை வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் நிற்க வையுங்கள். நீர் தாடைக்குக் கீழே நிற்க வேண்டும். முழங்கையை நனைத்துப் பார்த்துக் குழந்தைக்குக் குளியல் நீர் பதம் பார்ப்போமே, அதே சூடு போதும். இந்த மலையில் நீர் ஐந்தே நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் பாத்திரத்தைப் பெட்டிக்குள்ளேயே வைப்பது நல்லது. குடிக்கும், கழியும், அதன்பின் மென்மையான பல்துலக்கியால் பொருத்துகளில் படிந்த அழுக்கைத் தேய்த்துவிட்டு, துண்டால் ஒற்றி, சூடான இடத்தில் விடுங்கள்.

ஓடு மினுமினுக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டிலும் ஒரு விருந்தாளி ஆசையோடு தடவிவிட்டார். எண்ணெயால் ஓடு வளர்வதில்லை. நார்த்தூளெல்லாம் அதில் அப்பிக்கொண்டு, கழுவி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. நகப்பூச்சு, வண்ணம், மெழுகு எதுவுமே வேண்டாம்.

வெயிலும் கண்ணாடியும்

எலும்பு உறுதிப்படச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். உண்ட சுண்ணாம்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். டி3 தோலில் உருவாக வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் வேண்டும். இந்தக் கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. மலைவீடுகளில் கண்ணாடி அடைத்த வராந்தா இருக்கும். பகலில் இதமாக இருக்கும். ஆமையை அங்கே விட்டால் நன்றாக வெயில் காய்வதுபோல் கண்ணுக்குத் தெரியும். அது வெப்பத்தை மட்டுமே காய்கிறது. மாதக்கணக்கில் இப்படி வளர்ந்த குட்டியின் ஓடு நெகிழ்ந்துபோவதில் வியப்பில்லை.

மாசி, பங்குனி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும்போது, இந்த உயரத்தில் வெயில் கடுமையானது. சமவெளியைவிடப் புற ஊதாக் கதிர் இங்கே அதிகம். காற்று சில்லென்று இருந்தாலும், தரை கைக்குச் சூடாகத் தெரியும் முற்பகல் பத்து மணிக்கு மேல் அரை மணியோ ஒரு மணியோ புல்வெளியில் விடுங்கள். பாதி நிழலும் தண்ணீர்த் தட்டும் இருக்க வேண்டும். மேலே கம்பிவலை மூடி இல்லாமல் விடாதீர்கள். காகமும் குரங்கும் குட்டியைத் தூக்கிச் செல்லும், நாய் ஓட்டைக் கடித்து உடைக்கும். மேகம் மூடியதும் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

மற்ற நாட்களுக்குப் புற ஊதா பி குழல்விளக்கு அவசியம். டி5 (T5) எனப்படும் நீளமான, மெல்லிய குழல் வாங்குங்கள். முறுக்கிய சிறிய பல்புகள் எனக்கு நிறைவு தரவில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொலைவில், இடையே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல், பகலில் 10 முதல் 12 மணி நேரம் எரியட்டும். வெளிச்சம் குறையாமலே இந்தக் கதிர் மட்டும் நாளடைவில் தேய்ந்துவிடும் என்பதால், விளக்கின் முனையில் மார்க்கர் பேனாவால் மாட்டிய தேதியை எழுதி, ஆண்டு முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

உணவு

சல்காட்டாவும் லெப்பர்டும் புல் மேய்பவை. உணவில் பெரும்பங்கு புல்லும் களைச்செடிகளுமாக இருக்க வேண்டும். செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், சீமைக் காட்டுமுள்ளங்கி என்று சிலர் சொல்லும் டேன்டெலியன் களை ஆகியவை நல்லவை. கீழிருந்து முருங்கைக்கீரை கிடைத்தால் அவ்வப்போது கொடுக்கலாம், சுண்ணாம்புச்சத்து நிறைந்தது. நம் சரிவுகளில் எங்கும் படர்ந்திருக்கும் கிக்குயுப் புல்லை ஆமை விரும்பித் தின்னும், ஆனால் அதையே நம்பியிருக்கக் கூடாது. அதில் இருக்கும் ஆக்ஸலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிக்குயுப் புல்லையே மேயும் குதிரைகளுக்கு எலும்பு பலவீனப்படுவதும் இதனால்தான். பாலக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட் இலை ஆகியவற்றையும் இதே காரணத்துக்காக அளவோடு வையுங்கள்.

மலையில் ஆமைக்கு எளிதாகக் கிடைப்பது காய்கறிக் கழிவு. அக்கம்பக்கத்தார் கேரட்டையும் முட்டைக்கோஸ் இலையையும் கூடையோடு கொண்டுவந்து கொட்டுவார்கள்; பூண்டும் கேரட்டைக் கண்டால் மலையே உருண்டு வருவதுபோல் ஓடிவரும். வாரத்துக்கு ஒரு துண்டு போதும். உருளை, பூண்டு, கேரட் தோட்ட வரப்புகளில் வளரும் புல்லைப் பறிக்காதீர்கள், மருந்து தெளித்திருப்பார்கள். உண்ணிச்செடி, ஹைட்ரேஞ்சியா, வேலியோரம் குழல் குழலாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூச்செடி, காட்டுப்பூவரசு ஆகிய நான்கும் நம் மலைத் தோட்டங்களில் சாதாரணம், நான்குமே நஞ்சு. நாய்த்தீனி, இறைச்சி, சோறு வேண்டாம்.

வளரும் ஆமையின் உணவில் சுண்ணாம்புச்சத்து பாஸ்பரஸைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும். இதற்காக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கால்சியம் கார்பனேட் தூளைக் கோலமாவு தூவுவதுபோல் மெல்லியதாக இலையின் மேல் தூவலாம். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓட்டைத் தருவார்கள். ஒரு துண்டைப் பெட்டியில் போட்டுவைத்தால் தேவைப்படும்போது ஆமை தானே கொறித்துக்கொள்ளும். வெயிலும் விளக்கும் சரியாக இருந்தால் டி3 கலந்த மருந்தைத் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. மிகுந்தால் அது நஞ்சாகும்.

பனிக்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மா என்னிடம், “அது தூங்கட்டும் தம்பி, ஆமைன்னா குளிருக்குத் தூங்கத்தானே செய்யும்” என்றார். சில குளிர்நாட்டு ஆமைகளுக்கு அது பொருந்தும். சல்காட்டா, ரெட்ஃபுட், லெப்பர்டு மூன்றுக்கும் குளிர்கால உறக்கம் கிடையாது. அவை மார்கழியில் அசையாமல் கிடந்தால் அது உறக்கம் அல்ல, விறைப்பு. உடனே படிப்படியாக வெப்பமூட்ட வேண்டும்.

மாதம் ஒருமுறை செய்யும் சோதனை

ஒரு நோட்டுப்புத்தகம் போடுங்கள். சமையலறைத் தராசில் எடையும், இரண்டு தடித்த புத்தகங்களை முன்னும் பின்னும் நிமிர்த்தி வைத்து இடையே அளவுகோலால் ஓட்டின் நேர்நீளமும் எடுத்து, தேதியோடு குறியுங்கள். மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் புகைப்படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குக் கூம்பு எழுவது தெரியாது, ஆறு மாதப் படங்களை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும். பிறகு ஆமையைத் திருப்பி அடியோட்டைப் பாருங்கள். சில மாதக் குட்டியின் ஓடு விரலுக்குச் சற்று நெகிழ்வது இயல்பு. ஓராண்டு தாண்டியும் அமுங்கினால், ஓரத் தகடுகள் மேல்நோக்கிச் சுருண்டால், பின்னங்கால் இழுத்தால், எலும்பு பலவீனப்படுகிறது என்று பொருள். குழியோ, துர்நாற்றமோ, கசிவோ, தகடு தளர்ந்து தூக்கியிருப்பதோ அழுகலின் அறிகுறி. அடியோட்டில் ரத்தம் கட்டியதுபோல் செம்மை படர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சிறிய மேற்பரப்பு அழுகலுக்கு, அந்த இடத்தைச் சுத்தம் செய்து, போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியை வெளிறிய கட்டஞ்சாயாவின் (பால் விடாத தேநீரின்) நிறம் வரும்வரை நீரில் கலந்து தடவி, காயவிட்டு, உலர்ந்த துணி விரித்த சூடான பெட்டியில் வைக்கலாம். மருத்துவரைப் பார்க்கும்வரைக்கும்தான் இது. அழுகலைக் கத்தியால் சுரண்டாதீர்கள். நாய் கடித்தோ கீழே விழுந்தோ ஓடு உடைந்தால், உப்புநீரால் கழுவி, சுத்தமான துணிக்கட்டால் மூடிக் கொண்டுசெல்லுங்கள். பசை போட்டு ஒட்டினால் கிருமி உள்ளேயே அடைபட்டுவிடும்.

மலையில் ஆமை பார்க்கும் மருத்துவர் கிடைப்பது அரிது. நாய், மாடு பார்ப்பவரிடம் போய், ஊசி ஒன்று போட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும் இருக்கின்றன. பழனி மலைக்காரர்களுக்கு இரண்டும் எட்டும் தூரம். நீலகிரியில் இருப்பவர்கள் கோயம்புத்தூருக்கு இறங்குவதே வழி. ஊர்வன பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருக்கிறார் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். எக்ஸ்ரே எடுக்க வசதி உண்டா என்றும் கேளுங்கள். ஓட்டுக்குள் எலும்பு எப்படி இருக்கிறது என்று அதில்தான் தெரியும்.

மலைப்பாதையின் வளைவுகளில் ஆமை பெட்டிக்குள் உருண்டு கவிழும். பெட்டியை ஆமையின் அளவுக்குச் சற்றே பெரிதாக மட்டும் எடுத்து, நான்கு பக்கமும் துண்டைச் சுருட்டி அடைத்து, இருக்கைக்கு அடியில் நகராமல் வையுங்கள். வெந்நீர்ப் பை மேலே இருக்கும்போது தேவைப்படும். பாதி தூரம் இறங்கி வெக்கை தட்டத் தொடங்கியதும் அதை எடுத்துவிட மறக்காதீர்கள். நோட்டுப்புத்தகத்தையும் புகைப்படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் கேட்கும் முதல் ஐந்து கேள்விகளுக்கு விடை அதில் இருக்கும்.